போல்ட்டுக்குப் பூர்வீகம் உண்டு

கார் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஒரகடத்தில் போல்ட்டாகப் பிறப்பதற்குப் புண்ணியம் செய்திருக்க வேண்டும். அதுவும் காரின் பிரேக்கிலோ ஸ்டீயரிங்கிலோ உட்காரப்போகும் போல்ட் என்றால் ராஜ மரியாதை. எந்த உலையில் உருகிய இரும்பு, எந்த வெண்டர் அனுப்பியது, எந்த லாட், என்றைக்கு கேட்டுக்குள் வந்தது, எந்த ஷிப்டில் எந்த ஸ்டேஷனில் எவ்வளவு முறுக்கோடு இறுக்கினார்கள் என்பதெல்லாம் சேசிஸ் நம்பரோடு சேர்ந்து கணினியில் ஏறிவிடும். ஐந்து வருடம் கழித்து எங்கோ ஓர் ஊரில் அந்த வண்டி முரண்டு பிடித்தால், போல்ட்டின் பாட்டன் பூட்டன் வரைக்கும் தோண்டி எடுப்பார்கள். ஒரு லாட்டில் கோளாறு என்று தெரிந்தால் அந்த லாட் ஏறிய வண்டிகளையெல்லாம் திரும்பக் கூப்பிடுவார்கள். கம்பெனிப் பாஷையில் இதற்கு டிரேசபிலிட்டி என்று பெயர். நம் பாஷையில், பூர்வீகம் விசாரிப்பது.

அந்தத் தொழிற்சாலைகள் நிற்கும் சாலையில் கொஞ்ச தூரம் போனால் பொறியியல் கல்லூரிகள் வரிசை கட்டி நிற்கும். அங்கே ஒரு வாக்கியமாகப் பிறந்து பாருங்கள். கேட்க நாதி இருக்காது.

இறுதியாண்டு புராஜெக்ட் ரிப்போர்ட் ஒன்று என் கைக்கு வந்தது. எண்பது பக்கம், காலிகோ பைண்டிங், அட்டையில் தங்க எழுத்து. உள்ளே எந்த வாக்கியத்துக்கும் அப்பா அம்மா கிடையாது. கடைசிப் பக்கத்தில் ஆதாரப் பட்டியல் என்று மூன்று வரி: கூகுள், விக்கிபீடியா, யூடியூப். மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்டால் ‘பூமி’ என்று பதில் சொல்வதைப் போல. சீனியர் மாணவர் அவருடைய சீனியரிடம் வாங்கிய ரிப்போர்ட், பெயரை மட்டும் மாற்றி நான்காவது தலைமுறையாக உயிர் வாழ்கிறது. நன்றியுரையில் மாற்ற மறந்துவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போன ஹெச்.ஓ.டி.யின் மேலான வழிகாட்டுதலுக்கு உருக்கமாக நன்றி சொல்லியிருந்தார்கள். இப்போதைய ஹெச்.ஓ.டி. அதன் அடியில் கையெழுத்துப் போட்டிருந்தார். மார்க் தொண்ணூற்று நாலு.

இதே பையன் அடுத்த வருடம் தொழிற்சாலையில் க்யூ.சி. பிரிவில் சேர்ந்து, லாட் நம்பர் இல்லாத போல்ட்டைச் சிவப்புத் தொட்டியில் வீசுவான். சம்பளம் தருகிறார்களே, கற்றுக்கொள்வான். நான்கு வருடம் பல லட்சம் கட்டிப் படித்த இடத்தில் மட்டும் அவனுக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்று பார்க்க, அவனைப் போன்றவர்கள் கல்லூரிக்குள் கால் வைக்கும் முதல் வாரத்துக்குப் போக வேண்டும்.

அக்கா மகனைச் சேர்க்க நானும் கூடப் போயிருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். ஒன்றைச் சொன்னால் மற்றவை கோபித்துக்கொள்ளும். புது மாணவர்களுக்கு மூன்று வாரம் அறிமுகப் பயிற்சி கொடுக்கச் சொல்லி ஏ.ஐ.சி.டி.இ. ஒரு மாதிரித் திட்டமே வைத்திருக்கிறது. எங்கள் கல்லூரி அதை மூன்று நாளாகக் காய்ச்சி இறக்கிவிட்டது. முதல் நாள் தாளாளரின் வாழ்க்கை வரலாறு. இரண்டாம் நாள் பிளேஸ்மென்ட் பிரிவின் படக்காட்சி. மூன்றாம் நாள் சாப்பாட்டு மணிக்கு முன்னால் இருபது நிமிடம் கிடைத்தது. அதுதான் நூலக அறிமுகம்.

அறுபது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி உள்ளே விட்டார்கள். நூலகர் ஐந்து கட்டளைகளை ஓதினார். பையை வெளியே வை. ஐ.டி. கார்டை ஸ்கேன் பண்ணு. பேசாதே. தாமதமாகக் கொடுத்தால் ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய் ஃபைன். கடைசி செமஸ்டரில் நூலகத்தில் நோ டியூ வாங்காதவனுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. அறிமுகம் முடிந்தது. திருப்பதி ஜருகண்டி இதைவிட நிதானமாக இருக்கும்.

என் மருமகன் கொஞ்சம் வாய்த் துடுக்கு. சுவரோரம் கண்ணாடி அலமாரிக்குள் தடித் தடியாகப் புத்தகங்கள் இருந்ததைப் பார்த்துவிட்டான்.

“சார், அதை எடுத்துப் பார்க்கலாமா?”

“அது ரெஃபரன்ஸ்ப்பா.”

“ரெஃபரன்ஸ்னா எடுத்துப் பார்க்கத்தானே சார்?”

“வெளியே இருந்து பாரு. பூட்டியிருக்கு.”

“சாவி சார்?”

“கரஸ்பாண்டென்ட் ஆபீஸ்ல இருக்கு. இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு வாங்கித் திறப்போம்.”

பக்கத்து அறை டிஜிட்டல் நூலகம். திறப்பு விழா ரிப்பனின் துணுக்கு கதவுக் கைப்பிடியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பத்துக் கணினிகளுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். பாஸ்வேர்டு சிஸ்டம் அட்மினுக்குத்தான் தெரியுமாம், அவர் லீவு. சரசுவதி பூஜை அன்று ஒரு நாள் புத்தகத்தை அடுக்கிப் பொட்டு வைத்துப் படிக்காமல் விடுவது நம் வழக்கம். இங்கே ஆண்டு முழுவதும் சரசுவதி பூஜை நடக்கிறது. விஜயதசமிதான் வருவதே இல்லை.

இந்தத் தமிழ்நாட்டில்தான் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் என்றொருவர் இருந்தார். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போய்ச் சேர்ந்தார். லண்டனுக்குப் படிக்கப் போனவர், அங்கே சாமானியரும் உள்ளே வந்து கைநீட்டிப் புத்தகம் எடுப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: புத்தகம் இருப்பது புழங்குவதற்கு, ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு புத்தகம் எங்கோ காத்திருக்கிறது, ஒவ்வொரு புத்தகமும் தன் வாசகருக்காகக் காத்திருக்கிறது, வாசகரின் நேரத்தை வீணடிக்காதே, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். முதல் விதியை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்த கதையை எடுத்துச் சொன்னார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். நாம் சங்கிலியைக் கழற்றி எறிந்துவிட்டோம். நம்மிடம் கோத்ரெஜ் பூட்டு இருக்கிறது.

அதோடு அவர் நிற்கவில்லை. நூலகத்துக்குள் புதிதாக வருகிறவனைக் கைப்பிடித்து அழைத்துப் போய், எது எங்கே இருக்கும், எப்படித் தேட வேண்டும் என்று பழக்குவது நூலகரின் தலையாய வேலைகளில் ஒன்று என்று எழுதி வைத்தார். இன்றைக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நடத்தும் தகவல் தேடல் வகுப்பை நம் அதிகாரிகள் விமானம் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மெச்சுகிறார்கள். அது சீர்காழிக்காரர் அன்றைக்கே எழுதி வைத்த சரக்கு ஐயா. 1931இலேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. மாடு போன தூரத்துக்கு நம் டிஜிட்டல் நூலகம் இன்னும் போகவில்லை.

1948இல் சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலமும் இதுவே. அந்தச் சட்டத்தின் வழியில், நீங்கள் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் தங்கி ஷிப்டு மாற்றி ஷிப்டு தூங்கும் காண்ட்ராக்ட் தொழிலாளியின் வாடகையிலும் அந்தப் பத்துக் காசு ஒளிந்திருக்கிறது. அவன் தம்பி படிக்கும் கல்லூரியில் அலமாரி பூட்டியிருக்கிறது.

நூலகரைத் திட்டுவதற்கு எனக்கும் ஆசைதான். அன்று மாலை டீக்கடையில் அவரைப் பார்த்தபோது அந்த ஆசை போய்விட்டது. நூலக அறிவியலில் முதுகலை படித்தவர். மே மாதம் முழுக்க அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க வட மாவட்டக் கிராமங்களில் அலைகிறார். செமஸ்டர் வந்தால் தேர்வறைக் காவல். மீதி நேரம் நாக் அமைப்பின் தரச்சான்றுக்கு ஃபைல் தயாரிப்பு.

“முதல் வருஷப் பிள்ளைங்களுக்குத் தேடறதுக்குச் சொல்லிக் கொடுக்க முப்பது மணி நேரத்துக்குப் பாடத்திட்டமே எழுதிக் கொடுத்தேன் சார். ‘இதுக்கு கிரெடிட் உண்டா’ன்னு ஒரே கேள்வி. இல்லைன்னேன். ஃபைலைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க.”

கிரெடிட் இல்லாததைப் பையன் படிக்க மாட்டான். மார்க் இல்லாததை வாத்தியார் நடத்த மாட்டார். நாக் புள்ளி கிடைக்காததை நிர்வாகம் சீண்டாது. மூன்று பேரும் நியாயவான்கள். நடுவில் ஒரு தலைமுறை மட்டும் காணாமல் போகிறது.

நாக் அமைப்பின் தரமதிப்பீட்டில் நூலகத்துக்கும் புள்ளி உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை பேர் நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிக்கை கேட்கிறார்கள். எனவே வாசலில் நோட்டு வைத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். நூலகத்தில் ஏ.சி. உண்டு. மதியம் தலை சாய்க்க வரும் பையனும் கணக்கில் வாசகனே. குறட்டைக்குத் தனிப் பத்தி இல்லாதது ஒன்றுதான் குறை. 2025 பிப்ரவரியில் ஆந்திரக் கல்வி நிறுவனம் ஒன்றுக்கு உயர்ந்த கிரேடு போட லஞ்சம் வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டில் நாக் ஆய்வுக் குழுவினரையே சி.பி.ஐ. கைது செய்தது. பணம், தங்கம், மடிக்கணினி, கைப்பேசி என்று பட்டியல் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் புத்தகம் இல்லை. லஞ்சமாகக் கொடுக்கக்கூட அதற்கு மதிப்பில்லாமல் போய்விட்டது.

இனி இணையத்துக்கு வருவோம். ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு இன்டர்நெட்டைப் பற்றி நாம சொல்லித் தரணுமா? பொறக்கும்போதே போனோட பொறக்கறாங்க’ என்று சொல்லாத பேராசிரியர் இல்லை. பிறக்கும்போதே வாயோடுதான் பிறக்கிறார்கள்; பேசக் கற்றுக்கொடுக்கிறோமா இல்லையா?

இது போன் விளையும் பூமி. நோக்கியா 2006இல் வந்து 2014இல் பூட்டிக்கொண்டு போனது. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பூட்டுகிறார்கள். அக்கா போனைப் பூட்டுகிறாள், தம்பி போனைத் தட்டுகிறான். 2025இல் அந்த போனுக்குள் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளின் இலவச மழை வேறு கொட்டியது. ஏர்டெல் சிம் இருந்தால் பெர்ப்ளெக்சிட்டி ப்ரோ ஒரு வருடம் இலவசம். மாணவன் என்றால் ஜெமினியின் கட்டணச் சேவை இலவசம். நவம்பரில் சாட்ஜிபிடி கோ, அதுவும் ஒரு வருடம் இலவசம். தெருவில் பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றுவதைப் போல அறிவை ஊற்றினார்கள். குடித்தவன் யாரும் தண்ணீர் எந்தக் கிணற்றது என்று கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவனுக்குச் சொன்னவர் யார்?

அந்த எந்திரங்கள் இல்லாத புத்தகத்துக்கு ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் சொல்லும். கூசாமல் சொல்லும். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த தீர்ப்புகளை நிஜத் தீர்ப்புகள் என்று நீதிமன்றத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். அங்கே சரிபார்க்க ஒரு நீதிபதி இருந்தார். இங்கே சரிபார்க்க வேண்டிய கைடு, ரிப்போர்ட்டின் எடையைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்.

திருட்டைத் தடுக்கச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. யு.ஜி.சி. 2018இல் விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேட்டில் ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10இலிருந்து 40 வரை ஒரு படி, 40இலிருந்து 60 வரை இன்னொரு படி, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. தற்செயலாக ஒத்துப்போகும் சொற்களுக்காக விட்ட இடைவெளி அந்தப் பத்து. நம் கல்லூரிகளில் அது எப்படிப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? “பத்து பெர்சன்ட் வரைக்கும் அலவ்டு மாமா.” வருமான வரி விலக்கு மாதிரி, திருட்டு வரி விலக்கு.

மீதியைக் குறைக்கச் சொல்மாற்றி மென்பொருள் இருக்கிறது. ‘ராமன் வில்லை ஒடித்தான்’ என்று உள்ளே போட்டால் ‘ராகவன் தனுசை முறித்தான்’ என்று வெளியே வரும். ஒற்றுமை 0 சதவீதம். புத்தம் புதிய ராமாயணம். 2021இல் கியோம் கபானாக் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் இப்படிச் சிதைந்த சொற்களை உலக ஆய்விதழ்களில் தேடிப் பிடித்தார்கள். ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்ற சொல், கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ் என்று மாறியிருந்தது. செயற்கை நுண்ணறிவு போய்க் கள்ள உணர்வு வந்தது. நம் உயர்கல்விக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யாராலும் வைக்க முடியாது.

மத்திய அரசு சும்மா இருக்கவில்லை. 2024 நவம்பரில் ஒரே நாடு ஒரே சந்தா என்று ஒரு திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300 அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். நல்ல காரியம். இரண்டே இரண்டு பள்ளம். இந்தப் பட்டியல் அரசு நிறுவனங்களுக்கு. ஒரகடத்துப் பையன் படிப்பது தனியார் கல்லூரியில். பட்டியலுக்குள் இருக்கும் அரசுக் கல்லூரிப் பெண்ணுக்கோ, அந்தக் கடலில் எப்படி வலை வீசுவது என்று ஒரு மணி நேர வகுப்புகூட இல்லை. கல்யாண மண்டபம் பிடித்து ஆறாயிரம் பேருக்கு இலை போட்டுவிட்டு, பந்தி எந்தப் பக்கம் என்று சொல்ல ஆள் வைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

காசே இல்லாமல் திறந்து கிடப்பவையும் உண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஷோத்கங்காவில் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. 1998இலிருந்து மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றிவருகிறது. நூற்றுக்கணக்கானவர்கள் கண் நோகச் செய்த வேலை. முதலாண்டு வகுப்பில் கேட்டுப் பாருங்கள், எத்தனை கை எழும்புகிறதென்று. பாடப்புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு எதற்கென்றே தெரியாமல் நாலு வருடம் முடித்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குப் புத்தகம் என்றால் கொஸ்டின் பேங்க். ஆராய்ச்சி என்றால் ஜெராக்ஸ் கடை.

இது வரைக்கும் அலட்சியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

2024 ஜூலையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியல் இணையத்தில் கிடந்தது. ஊழலை எதிர்க்கும் அறப்போர் இயக்கத்தினர் உட்கார்ந்து ஒரு கல்லூரிப் பட்டியலை இன்னொரு கல்லூரிப் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், ஒரே நேரத்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பதாகக் காட்டப்பட்டிருந்தார்கள். சிலர் பத்துக் கல்லூரிகளைத் தாண்டியும் அருள்பாலித்திருந்தார்கள். கோகுலத்தில் கிருஷ்ணன் ஒவ்வொரு கோபியின் பக்கத்திலும் நின்றான் என்றால் பக்தி. பேராசிரியர் ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டியின் முன்னாலும் நின்றால்?

எந்த ரகசியக் கோப்பும் களவாடப்படவில்லை. உளவாளி யாரும் உள்ளே போகவில்லை. திறந்து கிடந்த தகவலைத் தேடினார்கள், வரிசைப்படுத்தினார்கள், ஒன்றோடு ஒன்றை ஒட்டிப் பார்த்தார்கள். முதலாண்டு மாணவனுக்குக் கற்றுத்தர வேண்டிய இணைய ஆராய்ச்சித் திறன் என்பது இதுதான். இதற்குமேல் இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. இந்த வித்தையை எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தால், அவர்கள் முதலில் சோதித்துப் பார்க்கப்போகும் பட்டியல் எது? தங்கள் கல்லூரிப் பட்டியல்தான். தாளாளர் ஏன் சாவியைத் தன் ஆபீசில் வைத்துக்கொள்கிறார் என்பது இப்போது புரிகிறதா?

கல்லூரியை விட்டு வெளியே வாருங்கள். 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஐபோன் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். யார் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று கூட இருந்தவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. சிலர் செத்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஓடியது. பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் சாகவில்லை. உடனே எல்லா மைக்குகளும் ஒரே குரலில் பேசின: வதந்தியை நம்பாதீர்கள். நல்ல உபதேசம். எதை நம்புவது? எங்கே சரிபார்ப்பது? அதைப் பள்ளியில் சொன்னீர்களா, கல்லூரியில் சொன்னீர்களா, கேன்டீன் சுவரில் ஒரு நம்பராவது எழுதி வைத்தீர்களா? சரிபார்க்கும் வழியை அடைத்துவிட்டு வதந்தியைப் பற்றிப் பாடம் எடுப்பவன், கிணற்றை மூடிவிட்டுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்பவன்.

2024 செப்டம்பர் 9இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 37 நாள். கேட்டவற்றில் முக்கியமானது சங்கத்தைப் பதிவு செய்வது. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் ஏற்கெனவே கொடுத்திருந்த உரிமை. உயர் நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரியில்தான் பதிவுச் சான்று வந்தது. அதே ஆண்டு நவம்பர் 21இல் 29 தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய சட்டத்தின் எந்தப் பிரிவு புதியதில் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது, எது கழன்று விழுந்தது என்று மூலத்தை எடுத்து வைத்து ஒப்பிடத் தெரிந்த டிப்ளமோ பையன் ஒருவன் லைனுக்கு ஒருவனாக இருந்தால் என்ன ஆகும்? ஹெச்.ஆர். மேலாளருக்கு ராத்திரித் தூக்கம் போகும்.

அதனால் சொல்கிறேன், இது அலட்சியம் இல்லை. இது ஆர்டர் கொடுத்துச் செய்யப்பட்ட சரக்கு. கைவேகம் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் ‘எஸ் சார்’ சொல்ல வேண்டும், எக்செல் தெரிந்திருக்க வேண்டும், ஆதாரம் கேட்கக் கூடாது. இந்த அளவுக்குத் தக்கபடி பிள்ளைகளைக் கடைந்து, அரம் போட்டுத் தேய்த்து, கேள்வி கேட்கும் முனையை மழுக்கி, பேட்ச் பேட்ச்சாக அனுப்புகிறார்கள். தயாரிப்பில் ஒரு குறையும் இல்லை. வாங்குகிறவர் திருப்தி. விற்கிறவர் திருப்தி. சரக்கிடம் யார் கேட்கப்போகிறார்கள்?

கற்றுத்தர என்ன செலவாகும் என்கிறீர்கள்? ஒரு பிற்பகல் போதும். செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்தில்தானே இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதற்குக் காரணம் என்ன என்று ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். முதலில் போனிடம் கேட்கச் சொல்லுங்கள். பருவநிலை மாற்றம், வரலாறு காணாத மழை, நகர விரிவாக்கம் என்று மொழுமொழுவென்று ஒரு பத்தி வரும். யார் மனமும் நோகாது. பிறகு கேளுங்கள்: ஏரியைத் திறந்தவர்களின் கணக்கைப் பார்க்கும் வேலை யாருடையது? தணிக்கைத் துறையுடையது. அந்தத் துறையின் அறிக்கை 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. இறக்கிப் பாருங்கள். நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதை அது கேள்வி கேட்கிறது. மனிதர்களால் நேர்ந்த பேரழிவு என்று சொல்கிறது. அரசு சொன்ன சமாதானமும் அதிலேயே இருக்கும். இரண்டையும் படிக்கச் சொல்லுங்கள். அன்றைய செய்தித்தாள்களோடு ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தில் எதை எடுத்தாய் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். போல்ட்டுக்கு லாட் நம்பர் எழுதுவதைப் போல.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்கும். கேள்வியைக் கூராக்கினால் பாதிப் பதில் கிடைக்கும். ஒவ்வொரு தகவலுக்கும் பிறந்த வீடு ஒன்று உண்டு, அங்கே போய்க் கதவைத் தட்டலாம். அழகாகப் பேசுவது எல்லாம் உண்மை பேசாது. இவ்வளவுதான் பாடம். தேர்தல் வரும்போது நான்காவது விஷயத்தை அவளே கண்டுபிடித்துக்கொள்வாள். அந்த நான்காவதுதான் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இத்தனைக்கும் இந்த ஸ்ரீபெரும்புதூர் எந்த ஊர்? 1017இல் இராமானுஜர் பிறந்ததாக வைணவ மரபு சொல்லும் ஊர். திருக்கோட்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருள் கேட்கப் பதினெட்டு முறை நடையாய் நடந்தார், கிடைத்ததும் கோபுரத்தில் ஏறி ஊருக்கே உரக்கச் சொன்னார் என்பது பாட்டிமார் சொல்லி நாம் கேட்ட கதை. வெளியே சொன்னால் நரகம் என்று குரு எச்சரித்திருந்தாராம். இத்தனை பேருக்கு நல்லது கிடைக்குமென்றால் நான் ஒருவன் நரகம் போனால் போகட்டும் என்றாராம் சீடர். அப்படிப்பட்டவருக்கு 2022இல் ஐதராபாத் பக்கம் 216 அடியில் சிலை வைத்தோம். அவர் பிறந்த ஊர்ப் பக்கத்தில் அலமாரிச் சாவியைக் கரஸ்பாண்டென்ட் ஆபீசில் தொங்கவிட்டிருக்கிறோம்.

என் மருமகன் இப்போது இரண்டாம் வருடம். அந்த அலமாரி இன்னும் அவனுக்குத் திறக்கவில்லை. நடுவில் ஒரு முறை இன்ஸ்பெக்‌ஷன் வந்தபோது திறந்தார்களாம். தூசு தட்டிவிட்டு மறுபடி பூட்டினார்களாம்.

வருகிற மே மாதம் உங்களில் பலர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இந்தச் சாலையில் ஏதோ ஒரு கல்லூரிக்கு அட்மிஷனுக்குப் போவீர்கள். பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம் என்று கேட்பீர்கள். பஸ் எங்கள் தெருவுக்கு வருமா, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்று கேட்பீர்கள். கேளுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் இன்னும் ஒன்றையும் கேளுங்கள். நூலகத்துக்குள் நடந்து போய், பூட்டிய அலமாரியைக் காட்டி, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். உடனே திறந்து காட்டாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.